சவுத் கீ நிலையத்தை நகர்த்தியது குண்டா, வளைவா?

கேள்வி சுருக்கமாக இது: லண்டன் டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வேயில், அதாவது டி.எல்.ஆரில், சவுத் கீ என்றொரு நிலையம். 1996-ல் அயர்லாந்தின் ஆயுதக்குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் அது சேதமானது. இன்று இருக்கும் நிலையம் பழைய இடத்தில் இல்லை, நூறு மீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளி இருக்கிறது. குண்டு வெடித்ததால்தான் இடம் மாற்றினார்களா? இல்லை, பிளாட்பாரத்தை நீட்டத்தான் என்றால், நீட்டுவதற்காக ஒரு நிலையத்தையே தூக்கி வேறு இடத்தில் வைப்பார்களா?

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது வரலாறு, அதற்கு ஆம் இல்லை என்று பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது பொறியியல். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான் என்று நினைக்கிறேன். முதலாவதை முடித்துவிடுகிறேன்: குண்டு காரணமில்லை. குண்டு வெடித்தது 1996 பிப்ரவரி 9. சில மாதங்களில் நிலையத்தைப் பழுதுபார்த்து அதே இடத்தில் மறுபடி திறந்தார்கள். அதற்குப் பிறகும் பதின்மூன்று ஆண்டுகள் அங்கேயே ரயில்கள் நின்றன. புது நிலையம் திறந்தது 2009 அக்டோபர் 26. இடம் மாற்றக் காரணம், மூன்று பெட்டி ரயில் நிற்கும் அளவுக்குப் பழைய பிளாட்பாரத்தை நீட்ட முடியாமல் போனது. இரண்டு பக்கமும் வளைவு. இந்தக் கலப்படம் ஏன் பரவியது என்பதும் புரிகிறது. 'குண்டில் சேதம், பின்னர் மீண்டும் கட்டப்பட்டது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், 1996-ல் நடந்த பழுதுபார்ப்பும் 2009-ல் நடந்த இடமாற்றமும் ஒன்றாகிவிடும். (பெயரைச் சிலர் 'குவே' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் உச்சரிப்பு 'கீ'தான், சாவி என்று பொருள்படும் 'கீ' போலவே. கப்பல் அணையும் கரை என்று பொருள்.)

வளைவு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க, அந்த இடத்தின் வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேம்ஸ் நதி 'ப' வடிவில் வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த நிலம்தான் ஐல் ஆஃப் டாக்ஸ். அதன் நடுவில் 1802-ல் திறந்த வெஸ்ட் இந்தியா கப்பல்துறை, 1868-ல் வந்த மில்வால் கப்பல்துறை. பெயர்தான் தீவு, தொழில் முழுக்கச் சரக்கு இறக்குவது. 1871-72-ல் மில்வால் எக்ஸ்டென்ஷன் ரயில்வே என்ற கிளைப்பாதை இதன் வழியே தெற்கு முனை வரை போனது. அதில் சவுத் டாக் என்று ஒரு நிலையம், இன்றைய சவுத் கீக்கு அருகில். கப்பல்களிலும் கிடங்குகளிலும் இருந்த மரச்சரக்கில் தீப்பொறி விழுந்துவிடும் என்ற பயத்தால் ஆரம்ப வருடங்களில் துறைப் பகுதிக்குள் எஞ்சினை விடவில்லை, குதிரைதான் பெட்டியை இழுத்தது. 1926 மே மாதப் பொது வேலைநிறுத்தத்தோடு அந்தப் பாதையில் பயணிகள் ரயில் நின்றது, திரும்ப வரவில்லை. கண்டெய்னர் கப்பல்கள் வந்தபின் துறைகளும் படுத்துவிட்டன. 1980-ல் கடைசியாக மூடினார்கள். மறு வருடமே, அந்த நிலத்தை மீட்டெடுக்க லண்டன் டாக்லேண்ட்ஸ் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது.

டி.எல்.ஆர். அந்தக் கழகத்தின் காலத்துப் பிள்ளை, அதுவும் சிக்கனத்தில் வளர்ந்த பிள்ளை. மொத்தச் செலவு 7 கோடியே 70 லட்சம் பவுண்டு. 1987 ஜூலை 30 அன்று எலிசபெத் ராணி திறந்து வைத்தார், ஆகஸ்ட் 31 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். 15 நிலையங்கள், ரயில்கள் வெறும் 11. ஒவ்வொரு ரயிலும் ஒரே ஒரு பெட்டி, நடுவில் மூட்டு வைத்த, 28 மீட்டர் அளவுள்ள பெட்டி. ஓட்டுநர் கிடையாது, கணினிதான் ஓட்டும். கதவைக் கவனிக்க ஒரு ஊழியர் உள்ளே இருப்பார். பாதையிலும் முடிந்தவரை பழையதையே எடுத்துக்கொண்டார்கள். மேற்கு முனையமான டவர் கேட்வே பக்கம், 1840-ல் லண்டன்-பிளாக்வால் ரயில்வே கட்டிய செங்கல் வளைவுப் பாலம். தெற்கே மில்வால் பூங்காவில் எக்ஸ்டென்ஷன் ரயில்வேயின் பழைய பாலம். புதிதாகக் கட்டியது முக்கியமாக நடுப்பகுதிதான், துறைகளின் தண்ணீர் மேல் போகும் மேம்பாலம்.

சவுத் கீயின் சிக்கல் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. ஹெரான் கீஸ் நிலையத்திலிருந்து பாதை நேர் தெற்கே வந்து சவுத் டாக் தண்ணீரைக் கடக்கிறது. கடந்தவுடன் சடாரென்று கிழக்கே திரும்பி மார்ஷ் வால் சாலையை ஒட்டி ஓடுகிறது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தெற்கே திரும்பி கிராஸ்ஹார்பருக்குப் போகிறது. 'Z' எழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டது போல. அந்த இரண்டு திருப்பங்களுக்கு நடுவே, மேற்குத் திருப்பத்தை ஒட்டினாற்போல 1987 நிலையம். ஒரு பெட்டிக்கு 30 மீட்டர் பிளாட்பாரம் போதும் என்றபோது அந்த இடத்தில் எந்தக் குறையும் இல்லை. அலுவலகக் கட்டடங்களுக்கு அருகில் இருந்தது, அதைத்தான் பார்த்தார்கள். வடிவமைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 11 பெட்டி வாங்கக் காசு கொடுத்தவர்களிடம் 87 மீட்டர் பிளாட்பாரத்துக்கு இடம் விடுங்கள் என்று யாரும் கேட்டிருக்க முடியாது.

கணக்கு உடனே தப்பியது. பாதை திறந்த அதே 1987-ல் கேனரி வார்ஃப் என்ற பெரிய அலுவலக வளாகத் திட்டம் ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1991-ல் கோபுரம் எழுந்துவிட்டது. அதே வருடம் பாதை நகர மையத்தில் பேங்க் வரை சுரங்கமாக நீண்டது. ஒரு பெட்டி போதாது என்று எல்லா நிலையங்களையும் இரண்டு பெட்டிக்கு நீட்டினார்கள். முதலில் வாங்கிய 11 பெட்டிகளும் சுரங்கத்துக்கான தீப்பாதுகாப்பு விதிக்கு ஒத்துவராததால் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துக்குப் போயின. சவுத் கீயில் இரண்டு பெட்டிக்கு எப்படியோ இடம் கிடைத்தது. அதோடு நிலையம் இருந்த இடத்தில் கிடைத்த நேர்த்தண்டவாளம் செலவாகிவிட்டது.

1996 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை மாலை 7 மணி தாண்டி ஒரு நிமிடம். நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்த லாரியில் குண்டு வெடித்தது. ஐ.ஆர்.ஏ.வின் 17 மாதப் போர்நிறுத்தம் அதோடு முறிந்தது. முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரிக்கை வந்து போலீஸ் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தது. அப்படியும் இரண்டு பேர் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். சேதத்தின் மதிப்பு ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். 15 கோடி பவுண்டு என்பது அதிகம் புழங்கும் எண். அதில் பெரும்பங்கு சுற்றியிருந்த அலுவலகக் கட்டடங்களுடையது, நிலையத்துடையது அல்ல. தண்டவாளம் நடுவில் அறுந்ததால் தெற்கு முனையான ஐலண்ட் கார்டன்ஸில் ஒரு ரயில் மாட்டிக்கொண்டது. பாதையைச் சரிசெய்யும் வரை அதை வெளியே எடுக்க வழியில்லை. ரயில்வேயைப் பொறுத்தவரை இது பழுதுபார்ப்பு வேலை. தூணும் பாதையைத் தாங்கும் கர்டரும் நின்ற இடம் மாறவில்லை, பிளாட்பாரத்தின் நீளமும் மாறவில்லை. இடம் மாற்ற ஒரு சாக்கு வேண்டியிருந்தால் அப்போதே மாற்றியிருப்பார்கள், இருந்ததை இருந்தபடிதான் எழுப்பினார்கள்.

2000-களின் நடுவில், பேங்க்-லூயிஷம் பாதை முழுவதையும் மூன்று பெட்டி ரயிலுக்குத் தயார்செய்ய முடிவானது. ஒரு பெட்டி 28.8 மீட்டர், மூன்றுக்கு 86.4 மீட்டர். மற்ற பெரும்பாலான நிலையங்களில் பிளாட்பாரத்தின் முனையில் இன்னொரு 30 மீட்டரை ஒட்டவைத்தால் போதும். சவுத் கீயில் ஒட்டவைத்தால் அந்த 30 மீட்டர் வளைவில் போய் விழும்.

விழுந்தால் என்ன? இரண்டு அச்சுத் தொகுதிகளின் (சக்கரங்களைத் தாங்கும் சட்டகங்களின்) மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டி, நேரான குச்சி. தண்டவாளம் வளைந்தாலும் குச்சி வளையாது. அதனால் பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். அது எவ்வளவு என்பதற்கு எளிய சூத்திரம்: அச்சுத் தொகுதிகளுக்கு இடையேயான தூரத்தை அதனாலேயே பெருக்கி, வளைவின் ஆரத்தைப்போல எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். தூரம் 10 மீட்டர், ஆரம் 40 மீட்டர் என்று வைத்தால் 100-ஐ 320-ஆல் வகுக்கிறோம், 31 சென்டிமீட்டர் வரும். ஆரம் 1000 மீட்டர் என்றால் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். (இவை கணக்கு புரிவதற்காக எடுத்த எண்கள், சவுத் கீயின் வரைபட எண்கள் அல்ல. ஆனால் டி.எல்.ஆர். வளைவுகள் சாதாரண ரயில்வேயை விடப் பல மடங்கு கூர்மையானவை, 40 மீட்டர் ஒட்டிய ஆரமெல்லாம் அங்கே உண்டு.) பெட்டியின் இரு கோடிகளும் எதிர்ப்பக்கமாக வெளியே வீசும், அந்த வீச்சு இன்னும் அதிகம். ஆகவே பிளாட்பார விளிம்பை இடிக்காத தூரத்தில் வைத்தால், ஏதோ ஒரு கதவுக்கு முன்னால் ஒரு முழங்கை அகலப் பள்ளம் இருந்தே தீரும். உள்வளைவுப் பிளாட்பாரமானால் கோடிக் கதவில், வெளிவளைவானால் நடுக் கதவில். எந்தப் பக்கம் கட்டினாலும் தப்பிக்க முடியாது.

டி.எல்.ஆருக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை. 1987-லிருந்தே எல்லா நிலையங்களிலும் சக்கர நாற்காலி யார் உதவியும் இல்லாமல் ஏற முடியும் என்பது அதன் அடிப்படை. பிரிட்டன் விதிப்படி துணையில்லாமல் ஏற வேண்டுமானால் இடைவெளி 75 மில்லிமீட்டரையும் உயர வேறுபாடு 50 மில்லிமீட்டரையும் தாண்டக்கூடாது. 31 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்றும் உண்டு. வளைவில் வெளித்தண்டவாளத்தை உயர்த்திப் போடுவது வழக்கம். அப்போது நிற்கிற பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், உயர வேறுபாடும் சேர்ந்து கெடும். பிரிட்டனின் முதன்மை ரயில் பாதைகளில் புதுப் பிளாட்பாரத்தை 1000 மீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வைக்காதே என்பது பொது விதி. பழைய நிலையங்களில் வளைந்த பிளாட்பாரங்கள் நிறைய இருக்கின்றன, ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். புதிதாக அப்படி ஒன்றைக் கட்ட யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

அப்படியானால் பிளாட்பாரத்தை இரண்டு பெட்டி நீளத்திலேயே விட்டுவிட்டு, வெளியே நிற்கும் கதவுகளைத் திறக்காமல் விடலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செய்கிறார்கள், ஆனால் இங்கே அல்ல. கட்டி சார்க் நிலையம் நிலத்தடியில், அதுவும் கிரீனிச் உலகப் பாரம்பரியப் பகுதியின் அடியில் இருக்கிறது. நீட்டினால் ஆகும் செலவுக்கு முன் மற்றதெல்லாம் சில்லறை. அங்கே ரயிலின் இரு கோடிகளிலும் சில கதவுகள் திறக்காது. எல்வர்சன் ரோடிலும் இதே ஏற்பாடு. இதன் விலை நேரம். மூன்று பெட்டி டி.எல்.ஆர். ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளே நடக்க வழியில்லை, ஒரே பெட்டிக்குள் மூட்டைத் தாண்டி நகரலாம், அவ்வளவுதான். கோடியில் நிற்பவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திறக்கிற கதவுக்கு வரவேண்டும். காலை நெரிசலில் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கும் அலுவலகப் பகுதி நிலையத்தில் இதைச் செய்தால் ஒவ்வொரு ரயிலும் கூடுதலாகப் பத்து, இருபது விநாடி நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் வரும் பாதையில் அந்த விநாடிகள் பின்னால் வரும் ரயில்களின் மேல் ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது பெட்டி சேர்த்த லாபத்தை ஒரு நிலையமே தின்றுவிடும்.

ஆக மீதி இருந்தது இடமாற்றம். பழைய இடத்திலிருந்து சுமார் 125 மீட்டர் கிழக்கே, சவுத் டாக்கையும் மில்வால் உள்துறையையும் இணைக்கும் மில்வால் கட்டிங் என்ற கால்வாயின் மேல் பாதை நேராக ஓடியது. தண்டவாளத்தைத் தொடவேண்டியதில்லை, பிளாட்பாரத்தை மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டும். பேச்சுக்கு 'மட்டும்'.

ஓடிக்கொண்டிருக்கும் மேம்பாலத்தின் இரு பக்கமும் நிலையம் கட்டுவதில் முதல் கேள்வி, பிளாட்பாரத்தின் எடையை யார் சுமப்பது. பிளாட்பாரத்தில் நெருக்கியடித்து ஆள் நிற்பதற்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று கணக்குப் போடுவது வழக்கம். 87 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்றால் கூட்டத்தின் எடை மட்டும் 130 டன், ஒரு பக்கத்துக்கு. ஸ்லாப், கூரை, லிஃப்ட் எல்லாம் தனி. ஒற்றைப் பெட்டிக்காகச் சிக்கனமாகக் கட்டிய 1987 மேம்பாலத்தின் தோளில் இதை ஏற்ற முடியாது. அதற்கு ஏற்கனவே ரயிலின் பாரமே கூடிவிட்டது. வெற்றுப் பெட்டி 36 டன் அளவு, மூன்று சேர்ந்தால் 108 டன், மேலே ஆட்கள். செங்குத்துப் பாரத்தை விட வம்பு செய்வது பிரேக் விசை. மூன்று பெட்டியும் ஒரே நேரத்தில் பிரேக் போட்டால் பாலத்தை நீளவாக்கில் இழுக்கும், அந்த இழுவை தூணின் தலைப்பகுதிக்கும், பாலம் தூணின் மேல் உட்காரும் பேரிங்குக்கும் போகும். இந்தப் பாதையில் மூன்று பெட்டித் திட்டம் என்றாலே பிளாட்பார நீட்சி பாதி, பாலத்தைப் பலப்படுத்துவது மீதி. எனவே இப்படிப்பட்ட இடத்தில் பிளாட்பாரத்தைப் பாலத்தில் தொங்கவிடாமல் அதற்கென்று தனித் தூணும் தனி பைலும் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூணும்) போடுவதுதான் பொறியாளர்கள் முதலில் பார்க்கும் வழி.

பைல் இறக்குவதுதான் இந்தப் பகுதியில் வயிற்றைக் கலக்கும் வேலை. அடியில் இருப்பது துறையின் சேறு, வண்டல், கட்டடக் கழிவு கொட்டி மூடிய நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் துறைச்சுவர் எங்கே எவ்வளவு தடிமனில் போகிறது என்பது வரைபடத்தில் ஒரு மாதிரியும் தரையில் வேறு மாதிரியும் இருக்கும். நட்டநடுவில் பைல் துளைப்பான் சுவரில் மோதினால் பைலின் இடத்தை மாற்ற வேண்டும். பைல் மாறினால் அதன் மேல் உட்காரும் தலைப்பீடம் மாறும், தலைப்பீடம் மாறினால் தூண் மாறும். எல்லாவற்றுக்கும் முன்னால் வெடிக்காத குண்டுத் தேடல். இது ஐ.ஆர்.ஏ. குண்டு அல்ல. 1940 செப்டம்பர் 7 முதல் ஜெர்மானிய விமானங்கள் இந்தத் துறைகளைக் குறிவைத்துப் போட்டவை. சேற்றில் விழுந்து வெடிக்காமல் புதைந்தவை இன்றும் கிடைக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பைல் புள்ளியிலும் காந்தமானியை இறக்கிப் பார்த்த பிறகே துளைப்பான் இறங்கும்.

பிறகு நேரம். ரயிலுக்கு மின்சாரம் தருவது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகும் மூன்றாவது தண்டவாளம், 750 வோல்ட் நேர்மின்னோட்டம். அது உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் கிரேன் கையை ஆட்ட முடியாது. கடைசி ரயில் நள்ளிரவு தாண்டிப் போகும், முதல் ரயில் ஐந்தரை வாக்கில் வரும். மின்சாரத்தைத் துண்டித்து, துண்டித்ததைச் சோதித்து, ஆட்களை ஏற்றி, முடிவில் ஒரு ஸ்பேனர்கூட விட்டுப்போகவில்லை என்று எண்ணி இறங்க வேண்டும். ஐந்து மணி நேர இடைவெளியில் கைவேலைக்குக் கிடைப்பது மூன்று, மூன்றரை மணி. கான்கிரீட் போட்டு இறுகக் காத்திருக்க இதில் நேரம் இல்லை. அதனால் இப்படிப்பட்ட நிலையங்களில் எஃகுச் சட்டகத்தையும் பிளாட்பாரத் துண்டுகளையும் பட்டறையிலேயே செய்து கொண்டுவந்து இரவில் தூக்கி வைத்து போல்ட் போடுவார்கள்.

பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம், பிளாட்பார விளிம்புக் கல். அதைத்தான் கடைசியில் வைப்பார்கள். பிளாட்பாரம் ஒரு அஸ்திவாரத்தில், தண்டவாளம் இன்னொரு அஸ்திவாரத்தில். புதுப் பைல் பாரம் ஏறியதும் கொஞ்சம் இறங்கும், இருபது வருடம் நின்ற பழைய தூண் இறங்காது. முதலிலேயே கல்லைப் பதித்துவிட்டு அடியில் 20 மில்லிமீட்டர் இறங்கினால், 50 மில்லிமீட்டர் உயர வரம்பில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். ஆகவே பாரமெல்லாம் ஏறி அடங்கியபின் தண்டவாளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, அந்த அளவுக்குக் கல்லைக் கீழே ஆப்பு வைத்து உயர்த்தியோ தாழ்த்தியோ பொருத்திச் சாந்து விடுவார்கள். கோடையில் எஃகு நீளுவதையும் சேர்க்க வேண்டும். 87 மீட்டர் எஃகு 30 டிகிரி வேறுபாட்டில் 31 மில்லிமீட்டர் நீளும். நீள விடாமல் கட்டினால் போல்ட்தான் அறுபடும். அதனால் நடுவில் விரிவு இணைப்பு விட்டு, அதன் மேல் கைத்தடியோ நாற்காலிச் சக்கரமோ மாட்டாத மூடிப்பட்டை போடுவார்கள்.

ஓட்டுநர் இல்லாத பாதையில் இன்னொரு வேலை இருக்கிறது. சாதாரண ரயில்வேயில் நிலையத்தை நகர்த்தினால் ஓட்டுநருக்குச் சொல்லிப் பலகையை மாற்றி நட்டுவிடலாம். இங்கே ரயில் எங்கே நிற்க வேண்டும் என்பது கணினியின் தரவுத்தளத்தில் எழுதியிருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து டி.எல்.ஆரில் இருப்பது செல்ட்ராக் என்ற கணினிக் கட்டுப்பாட்டு முறை. தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு ஜோடி கேபிள் போகும், 25 மீட்டருக்கு ஒருமுறை அவை குறுக்கே இடம் மாறும். ரயில் அந்தக் குறுக்குகளை எண்ணியும் நடுவில் சக்கரச் சுழற்சியை அளந்தும் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். நிலையம் நகர்ந்தால் நிற்கும் புள்ளி, வேகம் குறைக்கத் தொடங்கும் இடம், எந்தப் பக்கக் கதவு, எத்தனை கதவு என்று எல்லாம் மாறும். இரவில் காலி ரயிலை விட்டு, மழையிலும் காய்ந்த தண்டவாளத்திலும் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய தரவும் புதுத் தரவும் ஒரே நேரத்தில் ஓட முடியாது என்பதால், மாறுகிற கணம் ஒன்றுதான்: ஒரு இரவு பழைய நிலையம், மறுநாள் காலை புது நிலையம். 2009 அக்டோபர் 26 திங்கட்கிழமை என்பது அதனால்தான். வார இறுதியில் மாற்றி வாரத் தொடக்கத்தில் திறப்பது ரயில்வேக்காரர்களின் வழக்கம். மூன்று பெட்டி ரயில்கள் ஓடத் தொடங்கிய 2010 பிப்ரவரி 8-உம் திங்கள்தான்.

சவுத் கீ ஒரு விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1987 நிலையங்களில் வேறு சிலவும் இடம் மாறின, அல்லது மாற்றிக் கட்டப்பட்டன. ஐலண்ட் கார்டன்ஸும் மட்ஷூட்டும் 1999-ல் பாலத்திலிருந்து கீழே இறங்கின. தேம்ஸுக்கு அடியில் கிரீனிச்சுக்குச் சுரங்கம் தோண்டியபோது, சரிவு பிடித்து இறங்க மட்ஷூட்டிலேயே பாதையைத் தாழ்த்த வேண்டியிருந்தது. பழைய செங்கல் வளைவுகள் மில்வால் பூங்காவில் ரயில் இல்லாமல் இன்றும் நிற்கின்றன. டவர் கேட்வேயை 2008 ஜூன் முடிவில் மூடி 2009 மார்ச்சில் திறந்தார்கள். அங்கே இரண்டு தண்டவாளத்தில் ஒன்றை எடுத்துவிட்டு, மீதி ஒன்றுக்கு இரு பக்கமும் பிளாட்பாரம். ஒரு பக்கம் இறங்கு, மறுபக்கம் ஏறு. இடமில்லாத முனையத்தில் நீளத்தைச் சம்பாதிக்க அது நல்ல தந்திரம். புட்டிங் மில் லேன் கதை வேறு. 1996-ல் திறந்த சிறிய நிலையம், 2012 ஒலிம்பிக் அரங்கத்துக்கு மிக அருகில் இருந்தும் போட்டிகளின்போது கூட்டத்தைத் தாங்காது என்று மூடி வைத்தார்கள். அது நின்ற இடமே, லண்டனைக் குறுக்கே கடக்கும் கிராஸ்ரெயில் என்ற வேறொரு ரயில் திட்டத்தின் சுரங்க வாய்க்குத் தேவைப்பட்டதால் 2014 ஏப்ரல் 18-ல் மூடி, பக்கத்திலேயே பெரிதாகக் கட்டி 28-ல் திறந்தார்கள். அங்கே காரணம் அடுத்தவர் சுரங்கம், சவுத் கீயில் காரணம் தன் சொந்த வளைவு. இரண்டையும் 'விரிவாக்கத்துக்காக மாற்றினார்கள்' என்று ஒரே வரியில் எழுதுவதும் சரியில்லை.

கடைசியாக, இதே அளவு இப்போது அடுத்த தலைமுறை ரயிலையும் கட்டிப்போட்டிருக்கிறது. ஸ்பெயினின் சி.ஏ.எஃப். நிறுவனத்திடம் டி.எல்.ஆர். ஆர்டர் கொடுத்த 54 புதிய ரயில்களும் முனைக்கு முனை உள்ளே நடந்து போகக்கூடிய ஐந்து பகுதி ரயில்கள். நீளம் சுமார் 87 மீட்டர். மூன்று பழைய பெட்டியை நீட்டி வைத்த அதே நீளம். பெட்டிகளுக்கு இடையே வீணான இணைப்பு இடத்தைப் பயணிகளுக்குக் கொடுத்துக் கொள்ளளவைக் கூட்டியிருக்கிறார்கள். நீளத்தைத் தொடவில்லை. தொட்டிருந்தால் சவுத் கீக்கு மூன்றாவது இடம் தேட வேண்டியிருக்கும். இப்போதைய பிளாட்பாரத்துக்குக் கிழக்கே இன்னும் கொஞ்சம் போனால் பாதை கிராஸ்ஹார்பருக்குத் திரும்பும் அந்த இரண்டாவது வளைவு காத்திருக்கிறது.